கைலாசத்தின் சிலுவைப் பெட்டி

அண்ணன் கைலாசத்துக்கு உடுத்திவிடப் பட்டு வேட்டி எடுக்கப் போன குத்தாலிங்கம், டிரங்குப் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து பிச்சம்மாள் முன்னால் வைத்தான்.

“மதினி, இதெல்லாம் என்னது?”

உள்ளே பஞ்சுக்கு மேல் சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக எனாமல் பூசிய சிலுவைகள். பதினொன்று இருந்தன.

பங்காளிகள் எட்டிப் பார்த்தார்கள். “வேதத்துல சேந்துட்டாரோ?” என்றது ஒரு குரல். அவ்வளவுதான், கைலாசம் கிறிஸ்தவராகிவிட்டார் என்று வாசலில் பாடை கட்டியவர்கள் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டார்கள்.

பிள்ளையில்லாத கைலாசத்துக்குக் கொள்ளி வைக்க இந்தத் தம்பியை விட்டால் நாதி கிடையாது. அவனோ இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

“வேதக்காரருக்கு நான் எப்படி மதினி கொள்ளி வைக்க?”

பிச்சம்மாளுக்குக் கோபம் வந்தது, செத்துக் கிடந்தவர் மேல்தான். சீமைக்குத் திரும்பும் துரைமார் குற்றாலத்துப் பங்களாக்களில் சாமான்களை ஏலம் போடும்போது பட்டியல் எழுதும் குமாஸ்தா அவர். ஊரார் கட்டிலும் பீங்கானும் எடுத்தால், இவர் இந்தத் தகரத்தை வாங்கி வருவார். வந்த கையோடு அடுப்படியில் உட்கார்ந்து அதன் கதையை அளப்பார். அவள் முகத்தைக்கூடத் திருப்ப மாட்டாள்.

பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றைக் கையில் எடுத்தாள்.

“நம்ம ஊர்ல ராவ்பகதூர் பட்டம் குடுக்காவள்லா, அது மாதிரி சீமையில அந்தக் காலத்து ராசாமாரு குடுத்த பதக்கம். இது மால்டாத் தீவு, எட்டு முனை இருக்கா, எண்ணிப் பாருங்க. இது டென்மார்க்கு. இது போர்ச்சுகல்லு. இது நான் புளி போட்டுத் தேச்சு மூளியாக்குனது. ரெண்டு நாளு என்கூடப் பேசல, ஒங்க அண்ணாச்சி. திருநீறு பூசாம என்னைக்காவது காப்பி குடிச்சிருக்காவளா, சொல்லுங்க!”

பத்துச் சிலுவைக்கும் வரலாறு தங்குதடையில்லாமல் வந்தது. இத்தனையும் தன் காதில் விழுந்திருக்கிறது என்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது.

குத்தாலிங்கம் துண்டை மறுபடி இடுப்பில் கட்டினான். வாசலில் மூங்கில் பிளக்கும் சத்தம் கேட்டது.

“அந்தக் கடைசி நீலம்?” என்றான், சும்மா தெரிந்துகொள்ள.

அது நேற்றுச் சாயங்காலம் வந்தது. மடியிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு அவர் அதன் கதையை ஆரம்பித்தார். “நாளைக்குச் சொல்லுங்க, தோசை கருகுது” என்று இவள்தான் சொன்னாள். காலையில் எழுப்பும்போது உடம்பு சில்லிட்டிருந்தது.

பிச்சம்மாள் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“பட்டு வேட்டி அடியில கெடக்கு. எடுத்துக்கிடுங்க” என்றாள்.