குட்டி நடக்கிற தூரம்

ஜீப்பு கவிழ்ந்த அன்று ஜக்கையனுக்கு முழங்கையில் தோல் வழன்றதோடு சரி. போடியிலிருந்து மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு அவனுடையது. மழையில் ஊறிக்கிடந்த ரோட்டோர மண் ஒரு வளைவில் பொதுக்கென்று உள்வாங்கியது. வண்டி சரிந்து உருண்டு, கீழே காப்பிச் செடிகளுக்குள் போய் மாட்டிக்கொண்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் பேச்சி மட்டும் செத்துப்போனாள்.

பேச்சி தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் புருஷன் வேலுச்சாமியோடு இருந்தவள். கோம்பையில் அக்கா வீட்டில் ஒரு நாய்க்குட்டியை வாங்கி, மூடி போட்ட கூடையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு வந்திருந்தாள். கூடை நசுங்கவில்லை. யாரோ அதை எடுத்து வந்து ஆஸ்பத்திரி வாசலில் ஜக்கையன் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்றைய களேபரத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை. அவன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"உம்மேல ஒரு தப்பும் இல்லப்பா, மண்ணு விட்டதுக்கு நீ என்ன செய்வே" என்று எல்லோரும் சொன்னார்கள். போலீசும் அப்படித்தான் எழுதியது. அவன் தலையாட்டினான். அழுகையும் வரவில்லை, தூக்கம் கெட்டது என்றும் சொல்ல முடியாது. ஒருநாள் அவன் பெண்டாட்டி ரோஜா குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். தன் தட்டில் வாய் வைத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்குள் அவன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருந்தான்.

"சப்புன்னு இருந்துச்சே, சொல்லக்கூடாதா?"

"இருந்துச்சா?" என்றான்.

சரிசெய்த ஜீப்பு வீட்டு முன்னால் தார்ப்பாய் மூடி நின்றது. அவன் அதைத் தொடவில்லை. விடிந்ததும் குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு குரங்கணி ரோட்டில் நடக்கத் தொடங்குவான். கொட்டகுடி ஆற்றோரமாகப் போய், மாந்தோப்புகளைத் தாண்டி, மலை ஏறத் தொடங்குகிற இடத்திலும் நிற்கமாட்டான். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் திரும்புவான். சாயங்காலம் மறுபடியும். நடக்கும்போது கால் வலிக்கும். வலிக்கிறது என்று தெரிவதே அவனுக்குப் போதுமாக இருந்தது.

குட்டி முதலில் துள்ளிக்கொண்டுதான் வந்தது. செம்மண் நிறம், கரிய மூஞ்சி, உடம்புக்குப் பொருந்தாத பெரிய பாதம். போகப்போக வழியில் உட்கார ஆரம்பித்தது. அவன் கயிற்றைச் சுண்டுவான். எழுந்து வரும். கோம்பை நாய்தானே, வேட்டை நாய், நடந்தால்தான் கால் உரம் ஏறும் என்று வழியில் டீக்கடையில் ஒருவர் சொன்னார். அதற்கும் தலையாட்டினான்.

ஒரு காலையில் கயிற்றை எடுத்தபோது குட்டி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ரோஜா அதை இழுத்து வெளியே விட்டாள். முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கிக்கொண்டே நின்றது.

"எத்தன நாளா நொண்டுது?"

அவனுக்குத் தெரியவில்லை. கயிற்றின் மறுமுனையைத் தினமும் பிடித்திருந்தவன் அவன்தான்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் முத்துப்பிரியா குட்டியின் காலை மெல்ல மடக்கி நீட்டிப் பார்த்தாள். ஒரு இடத்தில் அது வீலென்று கத்தியது.

"தெனம் எவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறீங்க?"

அவன் சொன்னான். அவள் கையை எடுத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மலைக்கா? அண்ணே, இதுக்கு இன்னும் பால்பல்லே முழுசா விழல. எலும்போட நுனியெல்லாம் குருத்தாத்தான் இருக்கும். அந்த எடத்துலதான் எலும்பு வளரும். அதப்போட்டு மேட்டுல இழுத்தா கால் கோணிப்போயிரும்."

"நடக்கவே விடக்கூடாதா?"

"கால் ஆறுற வரைக்கும் ஓய்வு. அப்புறம் காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், தெருக்கோடி வரைக்கும் சமதரையில போனாப் போதும். மத்தபடி வாசல்ல அவுத்து விடுங்க, அதுவா ஓடும், அதுவா படுத்துக்கும். அதுக்குத் தெரியும். படி ஏத்தவேணாம், ஜீப்புல இருந்து குதிக்க விடவேணாம். ஒரு வயசு தாண்டட்டும், அப்புறம் மலை ஏறட்டும்." மருந்தை நீட்டியவள் கேட்டாள்: "வழியில உக்காந்திருக்குமே, பாக்கலயா?"

"பாத்தேன்" என்றான் ஜக்கையன்.

வீட்டுக்கு அதைத் தூக்கிக்கொண்டே வந்தான். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்ததில் அதன் இதயம் படபடவென்று அடிப்பது உள்ளங்கைக்குத் தெரிந்தது.

அதன்பிறகு அவனுக்குப் போக இடமில்லாமல் போயிற்று. தனியாக நடந்து பார்த்தான். ஆற்றுப்பாலம் வரை போனவன், கையில் கயிறு இல்லாமல் எதற்கு நடக்கிறோம் என்று புரியாமல் திரும்பி வந்தான். வாசலில் குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அது தூங்கியது, விழித்தது, அவன் செருப்பைக் கடித்தது, மறுபடியும் தூங்கியது. இவ்வளவு நேரம் தூங்குகிற பிராணியையா மலைக்கு இழுத்தோம் என்று நினைத்தான். அந்த நினைப்பும் தூரத்தில் யாரோ பேசுவதுபோல்தான் கேட்டது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வேலுச்சாமி வந்தான். மெலிந்துபோயிருந்தான். ரோஜா பதறி எழுந்து உள்ளே கூப்பிட்டாள். அவன் வரவில்லை. ஜக்கையனுக்கு எதிரே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"குட்டிய நீ மலையெல்லாம் இழுத்துட்டுத் திரியிறேன்னு மேல சொல்லிக்கிட்டாங்க. குரங்கணிக்குப் போனவுங்க பாத்திருக்காங்க. அது என்னய்யா செஞ்சுச்சு உன்னய?"

ஜக்கையன் குட்டியின் முன்னங்காலைக் காட்டி, "இப்ப ஆறிக்கிட்டு வருது" என்றான். "டாக்டரம்மா நடக்க வைக்கக்கூடாதுன்னுட்டாங்க. நாந்தேன் கெடுத்தேன்."

வேலுச்சாமி கையை நீட்டினான். குட்டி நொண்டிக்கொண்டே போய் அவன் விரலை நக்கியது.

"செவலை" என்றான். "அன்னைக்கு ஜீப்புல ஏறுறப்ப பேச்சி போன் போட்டா. பேரு செவலைன்னு வச்சிருக்கேன், பாலு காய்ச்சி வையின்னா." குட்டியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "காய்ச்சி வச்சேன்."

ரோஜா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஜக்கையன் அப்படியே இருந்தான். தனக்கு ஏதாவது ஆகவேண்டும் என்று காத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. மூக்கில் மட்டும் லேசாக எரிந்தது.

"கால் ஆறட்டும்" என்று எழுந்தான் வேலுச்சாமி. "பெறகு கொண்டு போறேன். லயத்துல தனியா இருக்கேன், காட்டுப்பன்னி வேற வருது."

கால் ஆறும்வரை வேலுச்சாமி ஞாயிறுதோறும் வந்தான். இரண்டு பேரும் குட்டி வாசலில் சுற்றுவதைப் பார்ப்பார்கள். அது மூச்சிரைத்துப் படுத்தால், "போதும்" என்று யாராவது ஒருவர் சொல்வார்கள். ஒருநாள் தெருக்கோடிவரை கூட்டிப் போய்விட்டு வந்தார்கள். நொண்டவில்லை.

கொண்டுபோக வந்த அன்று, குட்டியோடு ஜீப்பு ஸ்டாண்டுவரை போன வேலுச்சாமி திரும்பி வந்து தயங்கி நின்றான்.

"ஜீப்புல ஏறுனாக் கத்துது. எங்கூட வர மாட்டேங்குது. நீ வர்றியா, அண்ணே?"

ரோஜா ஜக்கையனைப் பார்த்தாள். தார்ப்பாய் மூடிய வண்டியை அவன் பார்க்கவில்லை. ஸ்டாண்டில் வேறொருவருடைய ஜீப்பு கிளம்பத் தயாராக நின்றது. டிரைவர் அடையாளம் கண்டு முன் சீட்டைக் காட்டினான்.

"இல்ல, பின்னால ஏறிக்கிறேன்" என்றான் ஜக்கையன்.

தோட்டத்துப் பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். போடிமெட்டு ஏற்றத்தில் ஒவ்வொரு வளைவிலும் குட்டி அவன் தொடையில் நகத்தைப் பதித்தது. அந்த வளைவு வந்தபோது அவன் கண்ணை மூடவில்லை. புதுத் தடுப்புச்சுவர் கட்டியிருந்தார்கள். அவ்வளவுதான் பார்க்க முடிந்தது, வண்டி தாண்டிவிட்டது. எதிரில் வேலுச்சாமி குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

லயத்து வாசலில் ஜீப்பு நின்றதும் குட்டி குதிக்கப் பார்த்தது. ஜக்கையன் இறுகப் பிடித்துத் தூக்கி, தானே இறங்கித் தரையில் விட்டான். ஏலச்செடிகளின் ஈர வாசனையில் அது மூக்கை விரித்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வந்தது.

"தோட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போயிராத" என்றான். "இந்த மேட்டுல ஏத்தாத. ஒரு வயசு ஆகட்டும். உக்காந்துச்சுன்னா இழுக்காத, தூக்கிக்க."

"சரிண்ணே."

"பன்னிய வெரட்டவும் இப்ப விடாத."

"சரி. வா, டீ போடுறேன்."

உள்ளே ஒரே ஒரு டம்ளர்தான் கழுவி வைத்திருந்தது. வேலுச்சாமி இன்னொன்றைத் தேடி எடுத்துக் கழுவினான். டீயை வாங்கிக் குடித்த ஜக்கையன் ஒரு மடக்கோடு நிறுத்தினான்.

"சீனி போடலயே வேலு" என்றான்.