ஹேண்ட்பீஸுக்கு அஞ்சாறு சொட்டு எண்ணெய்

பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் சுற்ற மறுத்தபோது டாக்டர் நாகலக்ஷ்மிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையில் கையுறை. அதற்கும் வழியில்லை.

நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தவர் வேறு யாருமல்ல, அவளுடைய கணவர் அனந்தகிருஷ்ணன். கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கி, இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் முனகலில் அவளுக்கும் தூக்கமில்லை. குளிருக்குப் போட்டிருந்த மங்கி கேப்பைக் கழற்றவைத்து, மரத்துப்போக ஊசியும் போட்டாயிற்று. பல்லைக் குடைந்து சீழை வடித்துவிட்டால் வலி அடங்கிவிடும். இந்த நேரம் பார்த்தா சண்டித்தனம் செய்ய வேண்டும்? இன்னொரு ஹேண்ட்பீஸ் ரிப்பேருக்குப் போயிருந்தது.

பெடலை மறுபடி அழுத்தினாள். காற்று சீறியதே தவிர முனை அசையவில்லை. கழற்றிப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக, மெழுகு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"ஏன்னா, இதுக்குத் தேங்காயெண்ணெய் விட்டது யாரு?"

அவர் மெல்ல ஒரு விரலைத் தூக்கித் தன்னையே காட்டினார்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் அவளுடைய பவானிபூர் கிளினிக்கில்தான் அவருக்குப் பொழுது போகிறது. கதவுக் கீலோ மின்விசிறியோ, எது கிறீச்சிட்டாலும் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து தேங்காய் எண்ணெய்.

"அதுக்குன்னு ஸ்ப்ரே இருக்கே!"

"தீந்து போச்சு. நேத்து சாயங்காலம்... அஞ்சாறு சொட்டுதான்," என்று மரத்த வாயால் குழறினார்.

"ஜனவரி மாசத்துல! தலைக்குத் தேச்சுக்கவே பாட்டிலை வெந்நீர்ல வெச்சு இளக்கறோம். பொறந்ததுலேர்ந்து கல்கத்தாவுலதானே இருக்கேள்?"

"ஹேர் டிரையர் காட்டினா இளகிடும்."

"இளகும். உள்ள இருக்கற பேரிங் போனது போனதுதான். இதை நான் உங்க வாயில விட மாட்டேன்."

அவளுக்குக் கோபம் பொங்கியது. அந்த வீங்கின முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டுத் திட்டவும் முடியாதது அதைவிடப் பெரிய எரிச்சல். கரியாஹாட்டில் கிளினிக் வைத்திருக்கும் தோழி அமலாவுக்குப் போன் போட்டாள். ஒன்று இரவல் தருவதாக அமலா சொன்னாள். ஊசியின் மரப்பு இறங்குவதற்குள் போய்த் திரும்ப வேண்டும், அதுவும் அந்த டிராஃபிக்கில்.

"நான் வரவரைக்கும் எதையும் தொடாதேங்கோ."

சமர்த்தாகத் தலையாட்டினார். வாசல்வரை போனவள் சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவர் பார்வை மூலையிலிருந்த, ஹேண்ட்பீஸுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் மேல் இருந்தது.

"அது கொஞ்ச நாளா சத்தம் போடறது, லக்ஷ்மி."

அவள் விடுவிடுவென்று உள்ளே வந்து, அலமாரியிலிருந்த எண்ணெய் பாட்டிலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்க ஓடினாள்.