ஓர் ஓடு குறைந்த கோயில்

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இப்ப இல்ல. கோயிலுக்கு ஓடு போட்ட பொறகு கேக்குறேன்."

"நீங்க கேக்குறதுக்கும் கோயில் கூரைக்கும் என்ன சம்பந்தம்?"

"இருக்கு. வீரய்யா மக கல்யாணத்துல, பூசை நடக்குறப்பவே கூரையிலருந்து சாரப்பாம்பு விழுந்துச்சே, மறந்துட்டீங்களா?"

1926ஆம் ஆண்டு நடந்த இந்தப் பேச்சை டொரதி ஒரு சொல் குறையாமல் நினைவில் வைத்திருந்தாள். பேசியவர் உபதேசியார் மனுவேல். கண்டியிலிருந்து மாதம் ஒருமுறை வரும் பங்குச் சுவாமி இல்லாத ஞாயிறுகளில் கோயிலில் செபம் சொல்லுவார். மற்ற நாட்களில் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருப்பார். அவள் கோயில் பள்ளிக்கூடத்தின் ஒரே டீச்சர். அப்போது அவளுக்கு இருபது வயது, அவருக்கு இருபத்தேழு. கல்யாணத்தன்று பாம்பு விழக்கூடாதே என்று கவலைப்படுகிறவர் யாருடைய கல்யாணத்தை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. டொரதிக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஓடு போடட்டும், கேட்கட்டும் என்று இருந்தாள்.

அலவத்துகொடைக்கு மேலே இருந்தது தெனியவத்தை. தேயிலைத் தோட்டங்களை விட்டு இறங்கி வந்த முப்பது குடும்பங்கள் அங்கே குத்தகை நிலத்தில் காய்கறி போட்டுப் பிழைத்தன. கோயில் என்றால் நான்கு கமுகமரத் தூணும் மானாப்புல் கூரையும்தான். விவசாயிகளின் பாதுகாவலரான புனிதர், அர்ச். இசிதோர், அதற்குள் அரையடி உயரச் சுரூபமாக நின்றுகொண்டிருந்தார். அவர் செபத்தில் இருக்கும்போது வானத்திலிருந்து சம்மனசுகள் இறங்கி வந்து அவருடைய வயலை உழுதுவிட்டுப் போகுமாம். மனுவேலும் தம்முடைய கேள்வியைச் சம்மனசுகள் வந்து கேட்டுவிட்டுப் போகும் என்று நம்பினாரோ என்னவோ.

டொரதிக்கு அந்த நம்பிக்கை இல்லை. கீழே ஓடும் ஓயா ஆற்றைக் கடந்து வரும் பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு கல் கொண்டுவர வேண்டும் என்று மறுநாளே சொல்லிவிட்டாள். இரண்டு வருஷத்தில் கல் மலையாகக் குவிந்தது. சுவர் எழும்பியது. கண்டி ஸ்டேஷனில் ஓடு வந்து இறங்கியதும் அலவத்துகொடை ஹாஷிம் நானாவிடம் போய் நின்றாள். காய்கறி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும் அவருடைய இரண்டு மாட்டுவண்டிகளும் வெறுமையாகத் திரும்புவதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

"ஓடு ஏத்துறது பெரிய வேலையில்ல புள்ள," என்றார் ஹாஷிம் நானா. "ஆனா ஒங்களுக்கு இவ்வளவு அவசரம் என்னத்துக்கு? அதுதான் வெளங்கல்ல."

"மழை வருதே நானா."

"மழையா?" என்று வானத்தைப் பார்த்தார். ஒரு மேகமும் இல்லை. "சரி, மழையிண்டே வெச்சுக்குவோம்."

1929இல் ஓடு போட்டாயிற்று. டொரதி கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போய்க் கோயில் நடுவில் நின்றாள்.

"கூரை நல்லா இருக்கு. இனிமே பாம்பு விழாது," என்றாள்.

"விழாதுங்க டீச்சர்," என்றார் மனுவேல். அண்ணாந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். "ஆனா மணி ஒண்ணு இல்லாம என்ன கோயிலு?"

மணி வர 1931 ஆயிற்று. மணி வந்ததும் மண் தரை அவர் கண்ணை உறுத்தியது. சிமெந்து போட 1933 ஆயிற்று. சிமெந்து காய்வதற்குள் முழந்தாளிட்டு நற்கருணை வாங்க மரக்கிராதி இல்லையே என்றார். சுவாமி எழுதி வைத்திருக்கும் கோயில் சரித்திரத்தில் இந்த வருஷங்களுக்கு எதிரே 'விசுவாசிகளின் அயராத பக்தி' என்று இருக்கிறது. அது முழுப் பொய்யும் அல்ல. டொரதி ஒவ்வொரு வேலைக்கும் வீடு வீடாக அலைந்தாள், தச்சரை விரட்டினாள், சிமெந்து மூட்டைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினாள்.

இவ்வளவையும் பார்த்த ஊர் வேறொரு முடிவுக்கு வந்திருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது 1934ஆம் ஆண்டு மே மாதம், இசிதோர் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான். அப்பா சுவக்கின் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"கோயில் வேல முடிஞ்சிருச்சு. திருநாளுக்கு மறுநா ஒன்னையக் கண்டி மடத்துக்குக் கூட்டிப் போறேன்னு சுவாமி தாய்மாருக்குக் கடுதாசி எழுதிட்டாரும்மா."

"என்னையா? எதுக்கு?"

"எதுக்கா? கன்னியாஸ்திரி ஆகத்தானே எட்டு வருசமா இந்தப் பாடு பட்ட? ஊரே சொல்லுது. உபதேசியாருகூட அதத்தான் சொன்னாரு. ஆண்டவருக்குன்னு நேந்த புள்ளகிட்ட நம்ம எண்ணத்தச் சொன்னா பாவம்னு ஏதோ மொணங்குனாரு, எனக்கு வெளங்கல."

டொரதி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவரைக் கேட்க வைக்க அவள் கோயிலை வேகமாகக் கட்டக் கட்ட, அவள் மடத்துக்குப் போகத்தான் துடிக்கிறாள் என்று அவர் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். மணியும் தரையும் கிராதியும் எங்கிருந்து முளைத்தன என்று இப்போது புரிந்தது. சிரிப்பு வந்தது. எட்டு வருஷத்தை நினைத்ததும் கோபமும் வந்தது.

"நான் மடத்துக்குப் போகலப்பா."

"சுவாமிகிட்ட என்ன சொல்றது? ஒரு காரணம் வேணும்ல?"

"காரணம் இருக்கு. அது இன்னும் வாயத் தொறக்கல."

திருநாளுக்கு முந்தின நாள் பின்னேரம் தோரணம் கட்டுவதைப் பார்க்கக் கோயிலுக்குப் போனாள். சுவரில் நீள ஏணி சாத்தியிருந்தது. மனுவேல் கூரையில் உட்கார்ந்திருந்தார், கையில் ஓர் ஓடு.

"அங்க என்ன பண்றீங்க?"

உண்டியலில் கைவிட்டு அகப்பட்டவர் போல விழித்தார். "ஓடு ஒண்ணு ஒடஞ்சிருச்சு டீச்சர்."

"காட்டுங்க."

காட்டினார். சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல முழுசாக இருந்தது.

"ஒடையலியே."

"ஒடையப் பாத்துச்சு."

"அத எடுத்துட்டா மழைக்குப் பொம்பளைங்க பக்கம் ஒழுகுமே."

மனுவேல் ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒழுகுனா கோயில் இன்னும் முடியலன்னுதானே அர்த்தம்," என்றார் மெதுவாக. "முடியலன்னா நீங்க போக வேண்டியதில்ல."

டொரதி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு வாழைமரம் இறக்கிக்கொண்டிருந்த ஹாஷிம் நானாவைக் கூப்பிட்டாள். "நானா, ஒரு கை குடுங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இருவருமாக ஏணியை எடுத்துக்கொண்டுபோய் மாட்டுவண்டியில் வைத்தார்கள். "ஓடு ஏத்தினேன், மணி ஏத்தினேன். இண்டைக்கு ஏணி," என்றார் ஹாஷிம் நானா. "இப்பதான் எல்லாம் வெளங்குது."

"டீச்சர், ஏணி," என்றது கூரை.

"தர்றேன். 1926ல ஒண்ணு கேக்கணும்னீங்க. ஓடு போட்டாச்சு, மணி வந்தாச்சு, தரை போட்டாச்சு, கிராதியும் வெச்சாச்சு. நான் எந்த மடத்துக்கும் போகல. கேளுங்க."

"நெசமாவே போகலியா?"

"நெசமா."

அந்த நேரம் பார்த்துச் சுவாமியும் சுவக்கினும் வந்து சேர்ந்தார்கள். தோரணம் கட்டிய பெண்கள் ஓலையைப் போட்டுவிட்டு நெருங்கி வந்தார்கள். சுவாமி இத்தாலிக்காரர், தமிழைப் புத்தகத்தில் படித்தவர்.

"உபதேசியாரே, நீர் அங்கே என்ன செய்கிறீர்?"

"ஒண்ணு கேக்குறதுக்காக ஏறியிருக்காரு சுவாமி," என்றாள் டொரதி.

மனுவேல் ஏதோ சொன்னார். சட்டைக்குள்ளே சொன்னது போல இருந்தது.

"கேக்கல," என்றாள்.

கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அது அவளுக்கு நன்றாகவே கேட்டது. முன்வரிசையில் நின்ற ராக்கம்மாவுக்கும் கேட்டது, வாயைப் பொத்திக்கொண்டாள்.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது, ஒண்ணும் கேக்கல," என்றாள் டொரதி. தோரணத்தில் ஓர் ஓலைகூட அசையவில்லை. சுவக்கின் என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஹாஷிம் நானா அவர் தோளில் கைவைத்து, "கொஞ்சம் பொறுங்க. எட்டு வருஷம் ஏத்தின சாமான், இப்பதான் எறங்கப் போவுது," என்றார்.

மனுவேல் ஒரு கையால் முகட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். மற்றக் கையில் இருந்த ஓட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, கீழே ஓயாவில் துணி துவைக்கிறவர்களும் நிமிர்ந்து பார்க்கும்படி கத்திக் கேட்டார்:

"டொரதி டீச்சர், நீங்க என்னையக் கல்யாணம் கட்டிக்கிறீங்களா?"