ராஜதந்திரியின் ஏழாம் அத்தியாயம்

கதை எழுதும் தகுதி சிறிதும் இல்லாத ஒருவர் எழுதத் துணிந்ததை வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். பிழைகள் எழுதியவருடையவை, அற்பத்தனங்கள் மட்டும் கதையில் வருவோருடையவை.

ஆரியசாலையில் வசிக்கும் செல்லபாய், ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க ராஜதந்திரி எலியாஸ் ஹார்க்ரோவின் வாழ்க்கையை ஆறு வருடம் தோண்டிக் கைப்பட எழுதினார். தோண்டத் தோண்ட அருவருப்பே மிஞ்சியது. வக்கீல், செனட்டர், தூதர், மந்திரி என்று அந்த மனிதர் வளர வளர, அவர் தூதராகப் போன நாடுகள் சுருங்கின. ஒரு தீவின் அரசரோடு விருந்துண்டு, மறுநாளே அவருடைய துறைமுகத்தை எழுதி வாங்கினார். எதிர்த்த மீனவர்களின் குடிசைகளைக் கொளுத்திவிட்டு, ‘நல்ல வெளிச்சம்’ என்று மனைவிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தின் கதைதான் ஏழாம் அத்தியாயம். அதற்காகவே செல்லபாய் புத்தகம் எழுதினார்.

அச்சிட முன்வந்தது கிழக்கேகோட்டையில் தாணுலிங்கம் நடத்தும் தமிழ் மன்றம். அணிந்துரையும் அவரிடமே கேட்பதுதான் முறை. இருந்த ஒரே கையெழுத்துப் பிரதியோடு, வழக்கப்படி ஒரு கடிதமும் வைத்துக் கொடுத்தார் செல்லபாய்: “தங்கள் சித்தம்போல் திருத்தியருள வேண்டுகிறேன்.”

புத்தகம் அச்சாகி வந்தது. ஆறாம் அத்தியாயத்துக்கு அடுத்து நேரே ஹார்க்ரோவின் ரோஜாத் தோட்டத்தைப் பற்றிய அத்தியாயம்.

“சாரே, ஏழாவது எங்க?”

“வெட்டியாச்சு. ரிலீஸுக்கு அமெரிக்காவிலேருந்து கெஸ்ட் வாறாரு, கேட்டியளா? விருந்தாளிகிட்ட குடிசை கொளுத்தின கதையா சொல்லுவாவ?”

“என்னிட்ட ஒரு வார்த்த கேக்கண்டாமா?”

“சித்தம்போல திருத்தணும்னு நீங்கதான டீச்சரே எழுதித் தந்திய! ஃபைல்ல இருக்கு, காட்டட்டா?”

“அது மரியாதைக்கு எழுதினது. எல்லாரும் எழுதுறதுதான்.”

“நானும் மரியாதையாத்தான் வெட்டினேன்.”

“வெட்டின பக்கமாவது தாங்க.”

“பழைய பேப்பரோட போச்சே.”

செல்லபாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஹார்க்ரோவிடமாவது ஒரு கப்பற்படை இருந்தது. இந்த ஆளிடம் இருந்தது ஒரு சிவப்புப் பேனா.

“அப்போ என் பேரையும் எடுத்திருங்க. அந்தாளப் புகழுற புஸ்தகத்துல நான் வேண்டாம்.”

கெஞ்சுவார் என்று நினைத்தார். தாணுலிங்கம் கெஞ்சவில்லை. “அட்டை மாத்த ரெண்டு நாள் போதும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விழாவில், நூலாசிரியர் என்று பொன்னாடை போர்த்திக்கொண்டவர் தாணுலிங்கம். “மனசாட்சிதான் ராஜதந்திரியின் முதல் ஆயுதம்” என்று முழங்கினார். விருந்தினருக்குத் தமிழ் தெரியாது, பலமாகக் கைதட்டினார்.

செல்லபாய்க்குப் போனவை: ஆறு வருடம், ஏழாம் அத்தியாயத்தின் கையெழுத்துப் பக்கங்கள் நாற்பத்தொன்று, அட்டையில் ஒரு பெயர்.