முதல் வரிசை, முதல் நாற்காலி

“நான் போய் உக்கார மாட்டேன்னா மாட்டேன்தான். அது மதலேனாவுக்குன்னு சொன்ன நாற்காலி...”

“நாற்காலியில என்ன அவ பேரா எழுதி ஒட்டியிருக்கு? ஒரு மணி நேரம் உக்காந்துட்டு...”

“நீங்கதானே சொன்னீங்க? பிடாடரியில, குழி பக்கத்துல நின்னுக்கிட்டு...”

“சொன்னேன் லா. யாரு இல்லேங்குறா? அப்ப வெளக்கேத்துறதப் பத்தி யாரு நெனச்சா?”

சனிக்கிழமை மதியம். தேக்காச் சந்தைக்குப் பின்னால் இருந்த தொழிலாளர் லைனில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே பலகைச் சுவர்தான். அதனால் இரண்டு பேரும் தொண்டையை அடக்கிக்கொண்டு, ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறி மிதித்துக்கொண்டு சண்டை போட்டோம். மறுநாள் காலை மாநாட்டு மண்டபத் திறப்பு விழா. என் கணவர் துரைசாமி மண்டபக் கமிட்டியின் செயலாளர். அவர் கையில் அச்சான நிகழ்ச்சி நிரல் இருந்தது. அதில் ஒரு வரியைப் பென்சிலால் அடித்து, மேலே வேறு ஏதோ எழுதியிருந்தார். என் பேரைத்தான் எழுதியிருந்தார்.

காலாங் ஆற்றோரம் நின்ற அந்த மண்டபத்தை இடித்துப் பல வருடங்கள் கழித்து, அதன் சரித்திரம் என்று ஒரு சஞ்சிகையில் இரண்டு பக்கம் வந்தது. தூண்கள் இத்தனை, ஜன்னல்கள் இத்தனை, இருக்கைகள் ஆயிரத்து இருநூறு, எந்தெந்த நாட்டுப் பிரதிநிதிகள் வந்து பேசினார்கள், எல்லாம் இருந்தது. ‘தொழிலாளர்களின் உழைப்பில் உருவானது’ என்று ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரிக்கு அடியில்தான் மதலேனாவின் புருஷன் இஞ்ஞாசி கிடக்கிறார். சஞ்சிகையை மடித்துக் கறிவேப்பிலை ஆய்வதற்குப் போட்டுக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டில் அந்த இடம் வெறும் சேறு. நகரத்துக் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வெயில் ஏறினால் எங்கள் லைன்வரைக்கும் நாற்றம் வரும். சங்கக் கூட்டங்களை அப்போது ஃபேரர் பார்க் திடலில் நடத்துவார்கள். மழை வந்தால் பாதித் தீர்மானத்தோடு கூட்டம் ஓடிப்போகும். நமக்கென்று ஒரு கூரை வேண்டும் என்று முடிவாகி, ஆளுக்கொரு ஞாயிற்றுக்கிழமையை மண்டபத்துக்குக் கொடுப்பது என்று ஏற்பாடாயிற்று. கூலி கிடையாது. கோத்தோங் ரோயோங் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களே, ஊர் கூடி இழுக்கும் தேர் மாதிரி, அது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் போனார்கள். பெண்கள் வாளியில் மண் சுமந்தோம். நானும் சுமந்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு கூடத் தவறாமல் போனவர் அடுத்த வீட்டு இஞ்ஞாசி. வாரநாளில் நகராட்சிச் சாக்கடை வேலை. ஞாயிறு காலை ஓப்பிர் ரோட்டு லூர்து மாதா கோயிலில் முதல் பூசை கண்டுவிட்டு, அதே வெள்ளைச் சட்டையோடு மண்டபத்துக்குப் போவார். சட்டையைக் கழற்றி ஓர் ஆணியில் மாட்டிவிட்டுச் சாரத்தில் ஏறினால், பொழுது சாயத்தான் இறங்குவார். மாதிரிக்கென்று நாலு நாற்காலி வந்து இறங்கிய அன்று, குழாயடியில் எங்கள் எல்லோருக்கும் அவர்தான் சொன்னார். உட்கார்ந்தால் விரியுமாம், எழுந்தால் தானாகவே மடங்கிக்கொள்ளுமாம், யாரும் தொடவே வேண்டாமாம். பெரிய சினிமாக் கொட்டகையில் மேல்வகுப்புக்காரர்கள் உட்காருவது அதில்தானாம். நாங்கள் யார் அதில் உட்கார்ந்து பார்த்தோம்?

மதலேனா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சிரித்தாள். “அப்படின்னா நான் எந்திரிக்கவே மாட்டேன். மடங்குனா மறுபடி வேற எவளாச்சும் விரிச்சுக்குவா.”

அடுத்த மாதம் சாரம் சரிந்தது. மூங்கில் கட்டு இற்றுப்போயிருந்தது என்றார்கள், மழை என்றார்கள், அவரே அவசரப்பட்டார் என்றும் சொன்னார்கள். ஆணியில் தொங்கிய சட்டையை என் கணவர்தான் மடித்து எடுத்துவந்தார். பிடாடரிக் கல்லறையில் முதல் பிடி மண் விழுந்ததும் மதலேனா பக்கம் திரும்பி, மண்டபம் திறக்கிற அன்று முதல் வரிசையில் முதல் நாற்காலி உனக்குத்தானம்மா, உன் புருஷன் பேரைச் சொல்லி உன்னை மேடைக்குக் கூப்பிட்டு மரியாதை செய்வோம் என்றார். எல்லோர் காதிலும் விழும்படிதான் சொன்னார். அப்போது அவர் அழுதார். அந்த அழுகை பொய்யில்லை. அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

தடை எங்கிருந்து வந்தது என்றால், கமிட்டித் தலைவர் வீட்டிலிருந்து. தலைவரின் மனைவி சந்திரமதி அம்மாள்தான் குத்துவிளக்கு ஏற்றுகிறவர். முதல் வரிசையில், விளக்குக்கு நேர் எதிரே, முதல் முகமாக யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டிருக்கிறார். சொன்னார்களாம். அதற்கு அவர் சொன்னதை, என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல், பென்சிலைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“‘வேதக்காரங்கதான், தெரியும். எந்த வேதமா இருந்தாலும் தாலி அறுத்தவ அறுத்தவதானே’ன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். மேடையில் நாளைக்கு எல்லோரும் சமம் என்று முழங்கப்போகிற கமிட்டி. சாதி பார்க்க மாட்டோம், மதம் பார்க்க மாட்டோம் என்று துண்டுப் பிரசுரம் அடித்துக் கொடுத்த கமிட்டி. ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லையாம். மாறாக, ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இஞ்ஞாசி குடும்பத்தின் சார்பில், அடுத்த வீட்டுக்காரி, பூவும் பொட்டுமாக இருப்பவள், செயலாளர் சம்சாரம், அவள் உட்காரட்டும். பொன்னாடையை வாங்கி மதலேனாவிடம் கொடுத்துவிடட்டும். மரியாதையும் ஆயிற்று, விளக்கும் எரிந்தாயிற்று.

“மதலேனாகிட்ட சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு.”

“ஒத்துக்கிட்டாளா?”

“ஒத்துக்கிட்டா.”

எங்கள் வாசலிலிருந்து அவள் வாசலுக்குப் பதினோரு அடி. நான் போய்க் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கல்யாணப் பட்டை எடுத்து, கொடியில் உதறிப்போட்டேன். பாச்சை உருண்டை வாசனை அடித்தது. அந்தப் பட்டைக் கட்டி எட்டு வருடமாயிற்று என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்; ஒளித்து என்ன ஆகப்போகிறது?

மறுநாள் விடிந்ததும் மதலேனா எங்கள் வாசலில் நின்றாள். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சேலை. தோளில் மடிப்பு நிற்கவில்லை, ஊக்கு இருக்கிறதா அக்கா என்றாள். நான் ஊக்கை எடுத்து அவள் தோளில் குத்தினேன். மேடையில் கூப்பிட்டால் எந்தப் பக்கப் படியில் ஏற வேண்டும் என்று கேட்டாள். என் விரல் துணியிலேயே நின்றுவிட்டது.

“அண்ணன் என்னைய லாரியில முன்னாடியே போகச் சொன்னாரு. சமையக்கட்டுல கொஞ்சம் கூடமாட இருந்தா, நேரம் வந்ததும் ஆள் விட்டுக் கூப்பிடுவாங்களாம். நீங்க எப்பக்கா வர்றீங்க?”

பின்னாலே வருகிறேன் என்றேன். லாரியில் வெங்காய மூட்டைக்கும் பிரியாணித் தேக்சாவுக்கும் நடுவில், சேலை அழுக்காகாமல் முழங்காலோடு சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் போனாள். உள்ளே என் கணவர் கண்ணாடி முன் நின்று டை கட்டிக்கொண்டிருந்தார். நான் பட்டைக் கட்டி, பூவையும் வைத்துக்கொண்டேன். அப்போதாவது பட்டை அவிழ்த்து எறிந்திருக்கலாம்.

மண்டபத்தில் வார்னிஷ் வாசனையும் பன்னீரும் கலந்து அடித்தது. தலைவர் வெற்றிலைச் சாறு கடைவாயில் கோடாக இறங்க, வருகிறவர்கள் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். என்னையும் கும்பிட்டு, வாம்மா, நீ வந்தது நிறைவாயிருக்கு என்றார். முதல் வரிசை, முதல் நாற்காலி. சிவப்பு மெத்தை. கையால் அழுத்திப் பிடித்துத்தான் உட்கார வேண்டியிருந்தது. கொஞ்சம் அசைந்தாலும் என்னை மேலே தூக்கப் பார்த்தது. சந்திரமதி அம்மாள் என் நெற்றியைப் பார்த்து, தலைப்பூவைப் பார்த்து, திருப்தியாகச் சிரித்துவிட்டு விளக்கை ஏற்றினார். ஐந்து முகமும் அழகாக எரிந்தன.

பேச்சுகள் நடந்தன. வியர்வையின் விலை என்றார் ஒருவர். ரத்தத்தின் நிறம் ஒன்று என்றார் இன்னொருவர். நிமிடத்துக்கொரு கைதட்டல். ஒலிபெருக்கியில் என் கணவரின் குரல் வந்தது, வீட்டில் ஒருநாளும் கேட்டிராத செந்தமிழில்.

“இம்மண்டபத்துக்காக உயிர் நீத்த அமரர் இஞ்ஞாசியின் குடும்பத்தினரை மேடைக்கு அன்புடன் அழைக்கிறோம்.”

எழுந்தேன். பின்னால் நாற்காலி படக்கென்று மடங்கியது. அந்தச் சத்தம் முதுகில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் லைன் ஆட்கள் முப்பது பேராவது அங்கே இருந்தார்கள். இஞ்ஞாசியின் பெண்டாட்டி யார், நான் யார் என்று தெரிந்தவர்கள். அவர்களும் கைதட்டினார்கள். சந்திரமதி அம்மாள் எனக்குக் குங்குமம் வைத்துப் பொன்னாடையைப் போர்த்தினார். தீர்க்கசுமங்கலியா இரு என்று காதோரம் வாழ்த்தினார். இறந்துபோன ஒருவரின் பேரில், அவர் குடும்பம் என்று நின்ற என்னை. நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே பொன்னாடையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சமையல் கொட்டகைக் கம்பத்திலும் ஓர் ஒலிபெருக்கி கட்டியிருந்தது. எப்போது பந்தி என்று தெரிவதற்காகவாம். பிரியாணி போட வந்த அப்துல் மஜீது பாய் என்னைக் கண்டதும் கரண்டியை வைத்துவிட்டு வழியில் வந்து நின்றார். பேரைக் கூப்பிட்டதும் அந்தப் பிள்ளை கை கழுவி, முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு பக்கவாசலுக்குப் போனதாம். அங்கே பேட்ஜ் குத்தி நின்ற தொண்டர், குடும்பத்து ஆள் ஏற்கெனவே மேடையில் நிற்கிறார்கள், நீ யாரு என்று கேட்டானாம். திரும்பி வந்து உட்கார்ந்ததுதான், ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றார். சொல்லிவிட்டு என் பட்டுச்சேலையை ஒரு தடவை பார்த்தார். தேக்சா பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதலேனா கவிழ்த்துப்போட்ட எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வெங்காயத் தோல். வெள்ளைச் சேலையின் மடியில் மஞ்சள் கறை, உள்ளங்கை அகலத்துக்கு. நான் பொன்னாடையை நீட்டினேன். ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. என் நெற்றியைப் பார்த்தாள். பிறகு நிதானமாகத் தோளில் கை வைத்து ஊக்கைக் கழற்றினாள். மடிப்பு சரிந்து விழுந்தது. ஊக்கை மூடி, என் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்தாள். வெங்காயம் நறுக்கிய விரல்கள் ஈரமாக இருந்தன.

“அந்த மனுஷன் சொன்னாரேக்கா,” என்றாள். “நீங்க எந்திரிச்சதும் அது தானா மடங்கிக்கிச்சா?”