தனோஜன் தெரிந்தெடுத்த கம்பைலர்

தனோஜனின் பழைய கணினி உயிரை விட்ட மறுவாரமே ராகவி மெல்பேர்னிலிருந்து வந்து இறங்கினாள். பென்டில் ஹில் வீட்டில் அவள் தம்பி பேச வழியில்லாமல் இருந்தான்.

பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தனோஜனுக்குக் கைகால் வசப்படாது, வாய்ப்பேச்சும் வராது. சக்கர நாற்காலியில், தாடைக்குக் கீழே பொருத்திய ஒரு பட்டன்தான் அவனுக்குப் பேச்சு. திரையில் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். ஒவ்வொன்றுக்கும் 'டிக்' என்று ஒலி வரும். வேண்டிய எழுத்து வந்ததும் தலையைக் குனிந்து பட்டனை அழுத்துவான். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ராகவிதான் அந்த நிரலை, டாஸ் என்ற பழைய இயங்குதளம் ஓடிய கணினிக்காக அவனுக்கு எழுதிக் கொடுத்தாள்.

"போன வருசம் புது டேப்லெட் வாங்கித் தந்தனான் எல்லோ? அதை ஏனம்மா பாவிக்கிறானில்லை?"

"கேட்டால் கண்ணை மூடுறான்" என்றார் இரஞ்சிதம். கண்ணை உயர்த்தினால் ஓம், மூடினால் இல்லை. "பழகினதை விடமாட்டான் போல."

வெஸ்ட்மீட்டில் யாரோ விற்ற இன்னொரு பழைய மடிக்கணினியை அம்மா வாங்கி வைத்திருந்தார். அதில் டாஸ் ஓடியது. ராகவியின் நிரல் மட்டும் தொடங்கிய கணமே பிழை காட்டி நின்றது. காரணத்தை அவள் சீக்கிரமே கண்டுபிடித்தாள். எழுதிய நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் அந்தக் காலத்தது; தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும் துண்டு ஒன்றை நிரலோடு சேர்த்துவிடும். இந்தக் கணினியின் வேகம் அந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை.

அவள் எழுதிய மூல நிரல் அவளிடம் பத்திரமாக இருந்தது. அதை மூன்று விதமாக மாற்றிப் பார்த்தாள். முதலாவது, அதே பழைய கம்பைலர், ஆர்வலர்கள் யாரோ போட்டிருந்த திருத்தத்தோடு. இரண்டாவது, டாஸுக்கு இன்னமும் நிரல் ஆக்கித் தரும் புதிய இலவசக் கம்பைலர். நினைவகத்துக்குத் தட்டுப்பாடே இல்லை. மூன்றாவதும் அதுவேதான், சிறிய கணினிகளுக்கான வடிவில்.

இரண்டாவதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. எழுத்துகள் வழுக்கிக்கொண்டு ஓடின. நீண்ட சொற்பட்டியல் ஒன்றையும் சேர்க்கலாம். இரண்டு எழுத்து அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பிவிடும்.

தனோஜன் அதில் நாலைந்து எழுத்து முயன்றான். ஒவ்வொரு தடவையும் பக்கத்து எழுத்தே விழுந்தது. கண்ணை மூடினான்.

"வேகம் ஒண்டுதான்டா. நான் அளந்து பாத்தனான்."

மறுபடியும் மூடினான். மூன்றாவதுக்கும் அதே பதில்தான். ராகவிக்குச் சலிப்பு வந்தது. எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து, இந்த முறை திரையைப் பார்க்காமல் தம்பியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அழுத்துவதற்காகத் தலையைக் குனியும்போது அவன் கண்கள் திரையை விட்டு மடியைப் பார்த்தன. அந்த நேரத்தில் எழுத்து எங்கே நிற்கிறது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. காதால்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.

கைப்பேசியில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். இரண்டாவதில் 'டிக்' ஒலி எழுத்துக்குப் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. மூன்றாவதில் ஒலி முன்பின்னாகத் தடுமாறியது. முதலாவதில் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன.

"முதலாவதில நினைவகம் குறைவு, நான் நினைச்ச சொற்பட்டியல் கொள்ளாது, தனோ. பரவாயில்லையோ?"

கண்கள் சட்டென்று மேலே போயின.

முதலாவதை ஓட்டிவிட்டாள். அவன் குனிந்து, நிமிர்ந்து, குனிந்து எழுதத் தொடங்கினான். வரி முடிய வெகுநேரம் பிடித்தது.

'டேப்லெட் என்ர கதையை அதுவே முடிக்குது.'

ராகவி அதை இரண்டு முறை வாசித்தாள். அவன் பேச வந்ததை முந்திக்கொண்டு நிரப்பிவிடும் அந்த டேப்லெட், அவள் புதிது என்று ஆசையாக வாங்கிக் கொடுத்தது. இப்போது சேர்க்க நினைத்த சொற்பட்டியலும் அதே வேலையைத்தானே செய்யும்?

"இதை ஏன்டா முதலே சொல்லேல்லை?"

'நீ வாங்கித் தந்தது. அதுதான்.'

அவள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். இரஞ்சிதம் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

மாலைக்குள் அதே நிரலை இன்னொரு பிரதி எடுத்து, பழுதானால் எப்படிப் போடுவது என்று அம்மாவுக்கும் காட்டிக் கொடுத்தாள். மறுநாள் காலை அவள் பையைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது டிக், டிக் என்று கேட்டது. வந்து பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள்.

'நீ மெல' என்று திரையில் நின்றது.

மெல்பேர்ன் எப்போது போகிறாய் என்று கேட்கப் போகிறான். "பத்து மணி பிளைட்" என்று சொல்ல வாயெடுத்தவள், அடக்கிக்கொண்டாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெளியே டாக்ஸி வந்து நின்ற சத்தம் கேட்டது. அவள் அசையவில்லை.

எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

'நீ மெலிஞ்சு போனாய் அக்கா.'