கொக்கிக்காரன் ப்ரெசினா

என் அண்ணன் ஆன்டன் ப்ரெசினா எங்கள் ஒஹையோ ஊரின் ஸ்டோக்கர்ஸ் அணியில் ஒன்பது வருடம் பேஸ்பால் ஆடினான். கேட்சர். பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, மட்டையில் உரசித் தெறிக்கும் பந்துகளை வாங்கி வாங்கி அவன் வலது கையில் மூன்று விரல்கள் கோணிப்போயிருந்தன. இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அந்த ஒன்பது வருடத்தைச் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு மதியத்தைத்தான் சொல்வார்கள்.

அணியின் பெரிய பிட்சர் லைல் ஹாஸ்கின். ஊருக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டு மாடியறையில்தான் வாடகைக்கு இருந்தான். அம்மா முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைப் பொதிந்து அவித்தால் தட்டில் ஏழு வைத்துக்கொள்வான். அவன் வீச, என் அண்ணன் பிடிக்க, இரண்டு பேரையும் ஊரே ஒரே மூச்சில் சொல்லும். 1956-ல் லைலின் தோள் போய்விட்டது. சட்டையைக் கழற்றக்கூட இன்னொருவர் கை தேவைப்பட்டது. அது வெளியே தெரிந்தால் அவன் ஆட்டம் முடிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் நிலவறைக்குத் துணி துவைக்கப் போனேன். அண்ணன் ஆட்டத்தில் முழங்காலுக்குக் கீழே கட்டும் தன் கால் காப்பை மடியில் வைத்துக்கொண்டு, அதன் பித்தளைக் கொக்கியை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணா, சமையல் கத்தியா தீட்டுற?"

"லைலோட தோள் போச்சு லிடா. வேகம் வராது. பந்தாவது வளையணும்ல?"

பந்தின் தோலில் சின்னதாக ஒரு கீறல் இருந்தால் போதும், பந்து கடைசி நேரத்தில் சட்டென்று விலகும். அண்ணன் பந்தைத் திருப்பி எறிவதற்கு முன் கொக்கியில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவான்.

"மாட்டினா?"

"மாட்டினா ரெண்டு பேரும்தான் மாட்டுவோம்" என்றான். அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

1957 செப்டம்பரில் மாட்டினார்கள். நான் மூன்றாவது பேஸுக்குப் பின்னால் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிரணி ஆட்கள் அடுத்தடுத்து மட்டையால் காற்றை வெட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய மேனேஜர் கத்திக்கொண்டே உள்ளே வந்தார். அம்பயர் பந்தை வாங்கிப் பார்த்தார். லைலின் கையுறை, தொப்பி, பெல்ட் எல்லாவற்றையும் தடவினார். ஒன்றுமில்லை. பிறகு அண்ணனிடம் வந்து, குனிந்து, கொக்கியில் விரலை வைத்தார். விரலைத் தூக்கிக் காட்டியபோது ரத்தம் சொட்டியது. நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

விசாரணைக்கு முதல் நாள் லைல் எங்கள் சமையலறைக்கு வந்தான். நான் அடுப்படியில்தான் நின்றேன்.

"ஆன்டன், எனக்கு மூணு பிள்ளைங்கடா. உனக்குக் குடும்பப் பொறுப்பு ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியாதுன்னு நீ ஒரு வார்த்தை சொல்லு. ஒரு வருஷம் தடை போடுவாங்க. அடுத்த வருஷம் நானே மேனேஜர் காலைப் பிடிச்சு உன்னைக் கூட்டிட்டு வரேன். சத்தியமா."

"அழாதடா. சொல்றேன்" என்றான் அண்ணன்.

சொன்னான். ஒரு வருடத் தடை. வருடம் முடிந்து எல்லா அணிகளுக்கும் கடிதம் போட்டான். இரண்டு அணிகள் பதில் போட்டன, இரண்டும் முடியாது என்று. லைல் இன்னும் ஐந்து வருடம் வீசினான். ஒரு போன்கூட வரவில்லை.

அண்ணன் எஃகு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே அவன் பெயரே கொக்கி.

"ஏய் கொக்கி, சவரம் பண்ணாம வந்துட்டேன், கொஞ்சம் வழிச்சு விடேன்!"

அவனும் கூடவே சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் கைகூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருப்பான்.

1968-ல் ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். லைலின் பெயர், பெரிய ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் புகழ் மண்டபத்தின் தேர்வுக்குப் போய், கொஞ்ச ஓட்டில் தவறியிருந்தது. "உண்மையிலேயே அவருக்குத் தெரியாதா?" என்று கேட்டார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

"தெரியாது. நான்தான் செஞ்சேன்."

அவர் போனதும் கத்தினேன். "பைத்தியமாண்ணா உனக்கு? பதினோரு வருஷம் பட்டது போதாதா?"

"இப்ப மாத்திச் சொன்னா, ஏமாத்துக்காரன் பட்டத்தோட பொய்யன் பட்டமும் சேரும். விடு."

லைலே மாற்றிச் சொன்னான். 1974-ல் ஒரு புத்தகம் எழுதினான். அதில் ஒரு அத்தியாயம் முழுக்கக் கொக்கிதான். தொலைக்காட்சியில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னான்: "எல்லாம் எனக்குத் தெரியும்! யோசனையே என்னோடதுதான்! எங்க ஆன்டன் இருக்கானே, அவன் கொக்கியில கோழியே உரிக்கலாம்!"

பேட்டி எடுத்தவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியானால் ஒருத்தன் மட்டும் ஏன் தண்டனை அனுபவித்தான் என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். விளம்பரம் வந்தது. அடுத்த குளிர்காலத்தில் லைலைப் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். குறும்புக்காரக் கிழவன் என்று எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிருந்தது.

அந்தக் கோடையில் லைலிடமிருந்து போன் வந்தது. பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. பழைய வீரர்கள் தினம், ஆன்டன் வந்தே ஆகவேண்டும் என்றான். அண்ணன் மாட்டேன் என்றான். நான்தான் விடவில்லை.

"போயேன் அண்ணா. ஒரே ஒரு தடவை அந்த சனம் உனக்காக எழுந்து நின்னு கை தட்டட்டும். நான் பாக்கணும்."

போனோம். உடைமாற்றும் அறையில் அவன் கையில் தட்டு அளவுக்கு ஒரு தகரக் கொக்கியைக் கொடுத்திருக்கிறார்கள். அம்பயர் வந்து சோதிக்கும்போது அதை எடுத்துக் காட்டவேண்டுமாம்.

அண்ணன் குந்தவே சிரமப்பட்டான். லைல் மெதுவாக ஒரு பந்து வீசினான். அம்பயர் ஓடிவந்தார். கூட்டம் அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டது. அண்ணன் முகமூடியைக் கழற்றினான். தகரத்தைத் தரையில் வைத்தான். நேராக லைலிடம் நடந்துபோய் ஏதோ கேட்டான். லைல் அவன் தோளில் கையைப் போட்டான். அதை எடுத்துவிட்டு, அண்ணன் மைதானத்தைக் குறுக்கே கடந்து வெளியேறினான். அதுவும் வேடிக்கையில் சேர்த்திதான் என்று நினைத்து, கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நான் கேட்டது கிடைத்தது.

காரில் பாதி வழி வந்தபின் கேட்டேன். "அவன்ட்ட என்ன சொன்ன?"

"ஒரு நாளாவது போன் பண்ணியிருக்கலாமேடான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"சிரிடா, கேமரா இருக்குன்னான்."

மூன்று வருடம் கழித்து, மார்ச் மாதத்தில் அண்ணன் நெஞ்சுவலியில் போய்விட்டான். தேவாலயத்துக்கு லைலும் வந்தான். நீளமான கறுப்புக் கோட்டு, நல்ல சோகமான முகம். வாசலிலேயே அவனைச் சுற்றி வரிசை நின்றுவிட்டது. கையெழுத்து வாங்க வேறு காகிதம் இல்லாததால், அண்ணன் படம் போட்டு நாங்கள் அச்சடித்திருந்த ஜெப அட்டையை நீட்டினார்கள். அவனும் ஒவ்வொன்றிலும் போட்டுக்கொடுத்தான்.

"லைல், வெளிய போ" என்றேன்.

அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "லிடா, இந்த ஊர் அவனை இன்னும் ஞாபகம் வெச்சிருக்குன்னா அது என்னாலதான். யோசிச்சுப் பாரு."

"வெளிய போ."

கையில் இருந்த அட்டையில் பெயரை எழுதி முடித்து, அதைக் கேட்டவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். ஆலைக்காரர்கள் இரண்டு பேர் அட்டையோடு அவன் பின்னாலேயே தெருவில் ஓடினார்கள். சவப்பெட்டியைத் தூக்குவதற்கு என்று சொல்லி வைத்திருந்த ஆறு பேரில் இரண்டு பேர் அவர்கள்.

பூசை முடிந்தும் அவர்கள் திரும்பவில்லை. ஒரு பக்கம் பாதிரியாரின் உதவியாள் பிடித்தார். இன்னொரு பக்கம் நான் பிடித்தேன்.